எண்ணெய் மூடி மேல் வைத்த சந்தனம்

காசிம் பாய் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து எண்ணும் நேரம் ஆனது. அப்புறம்தான் இன்ஜின் பிடித்தது. டக டக டக என்று சத்தம் போட்டுக்கொண்டு கார் சிராங்கூன் ரோட்டில் இறங்கியது.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நான் அந்தக் குமிழையே பார்த்தேன்.

பெட்ரோல் காருக்கு அப்படிக் குமிழை இழுத்துக் காத்திருக்கிற வேலை கிடையாது. அந்தச் சத்தமும் கிடையாது. இது டீசல் கார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதன் டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றியவன் நான்.

முன்சீட்டில் காசிம் பாய்க்குப் பக்கத்தில் ராசப்பன் அண்ணன் இருந்தார். புது வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, தலையில் அரை பாட்டில் எண்ணெய். "மணி என்ன தம்பி?" என்று திரும்பாமலே கேட்டார்.

"பன்னண்டரை, அண்ணே."

"ரெண்டு மணிக்குத்தான் கப்பல் கட்டும். நெறைய நேரம் இருக்கு லா," என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. காரைத் திருப்பியிருப்போம். பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் பின்புறம் டாங்கியை வடித்துவிட்டு டீசல் ஊற்றி அரை மணியில் கிளம்பியிருப்போம். கப்பலுக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்போம்.

நான் சொல்லவில்லை.

நான் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஈசூன் கடைத்தெருவில் ஒரு நண்பர் என்னை நிறுத்தினார். "பொல்லாத உத்தமராத்தான் இருந்திருக்கீங்க. ஒரு தப்புகூடப் பண்ணலயா?" என்று கேட்டார். அவருக்காகவே இந்த வாரம் இது. படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாலும் பரவாயில்லை.

ஒரு கார், இரண்டு பேர்

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக் கணக்கெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அப்போது மீசை சரியாக முளைத்திருந்தது. அது வரைக்கும் நிச்சயம்.

ராசப்பன் அண்ணனும் காசிம் பாயும் ஒரே டாக்சியைப் பங்கு போட்டு ஓட்டினார்கள். காலையிலிருந்து நாலு மணி வரை அண்ணன். அதற்கு மேல் பாய். தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரே கார் கை மாறும். முதலில் வந்தவர் கோப்பி வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். பாய் சோழமண்டலக் கடற்கரை ஊர்க்காரர். டாக்சிக்கு வருவதற்கு முன் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் பத்து வருஷம் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள். அவர்களுக்குள் வந்த ஒரே சண்டை கண்ணாடியைப் பற்றித்தான்.

ராசப்பன் அண்ணன் உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் தெரியும்படி வைப்பார். காசிம் பாய் அதைக் கீழே சாய்த்து, பின்சீட்டில் இருப்பவர் முகம் தெரியும்படி வைத்துக்கொள்வார். "பின்னால வர்ற வண்டி தானா வெலகிக்கும். பின்னால ஒக்காந்திருக்கிறவன் என்ன நெனைக்கிறான்னுதான் எனக்குத் தெரியணும்," என்பார். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அந்தக் கண்ணாடி ஒரு தடவை கீழேயும், மறுநாள் காலையில் ஒரு தடவை மேலேயும் எனப் பத்து வருஷம் ஆடியது.

பழைய டாக்சி பெட்ரோல் வண்டி. எங்கள் ஸ்டேஷனில்தான் எப்போதும் எண்ணெய் போடுவார்கள். அந்த வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாக வேறொரு கார் வாங்கினார்கள். அதே கறுப்பு உடம்பு, அதே மஞ்சள் கூரை, அதே கம்பெனி, அதே அச்சு. உள்ளே மட்டும் டீசல் இன்ஜின்.

அப்போது டாக்சிக்கு டீசல் என்பது கொஞ்சம் புதுசு. எங்கள் ஸ்டேஷனில் டீசல் பம்பு ஓரமாக, லாரிகள் வந்து நிற்கிற மூலையில் இருந்தது. டாக்சி வந்தால் கை தானாகப் பெட்ரோல் குழாய்க்குத்தான் போகும்.

"உங்க மொகம் தெரியணும்"

ராசப்பன் அண்ணன் கடைசியாக ஊருக்குப் போய் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு தடவை போய்க் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பிறந்த கையோடு திரும்பி வந்ததிலிருந்து ஆறு வருஷம். மனைவி பெயர் பாக்கியம். மகள் மல்லிகா. அவர் கிளம்பும்போது மல்லிகா தொட்டிலில் கிடந்தாள்.

"தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மூன்று தீபாவளிக்கு எழுதினார் அண்ணன். மூன்று தடவையும் போகவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் இருந்தது. நல்ல மனுஷர்தான். ஆனால் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியே நாளை ஓட்டுகிற ஆள்.

கடைசியில் பாக்கியம் அண்ணியே புறப்பட்டு வருவதாகக் கடிதம் எழுதினார். அண்ணன் அதைக் கோப்பிக் கடையில் எங்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

"கப்பல் கட்டும்போது நான் மேலேருந்து பார்ப்பேன். உங்க மொகம் தெரியணும். தெரிஞ்சாத்தான் எறங்குவேன். தெரியலைன்னா அதே கப்பல்ல பிள்ளையோட திரும்பிடுவேன். இன்னொரு தடவை கூப்பிட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். பிறகு அந்தத் தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அண்ணி சொன்னால் செய்கிறவர் என்று அவருக்குத் தெரியும்.

அவர் பதில் எழுதினார். துறைமுகத்துக்கு என் சொந்தக் காரில் வந்து நிற்பேன், அதில்தான் நாம் வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று.

சந்தனம் வைக்கிற வேலை

கப்பல் வந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். ஆகவே பூஜையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஸ்டேஷன் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் பம்படியில் நின்றவர்கள் முக்கால்வாசி தமிழர்கள். ஆயுத பூஜை வந்தால் ஒவ்வொரு பம்புக்கும் மாலை விழும். தவுக்கேயும் வந்து தன் ஊதுபத்தி மூன்றைக் கொளுத்திச் செருகிவிட்டுப் போவார். எந்தச் சாமி கேட்டாலும் வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் அவருக்கு. தெரிந்த டாக்சிக்காரர்கள் கார்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், எல்லாருக்கும் பொரியும் சுண்டலும்.

சந்தனம் வைக்கிற வேலை என்னுடையது. யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் விரல் நுனியால் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது பிச்சை போடுகிற மாதிரி இருக்கும். நான் உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். விளக்கு, கதவு, நம்பர் பலகை, சக்கரத்து மூடி, ஒன்றையும் விடமாட்டேன். கார் மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும்.

ராசப்பன் அண்ணனின் புதுக் கார் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு போனபோது இன்ஜினை அணைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அதே கறுப்பு, அதே மஞ்சள். எனக்கு அது பழைய கார் குளித்துவிட்டு வந்த மாதிரிதான் தெரிந்தது.

பின்பக்கம் எண்ணெய் ஊற்றுகிற வாய்க்கு ஒரு மூடி. அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் கையால் ஏதோ எழுதியிருந்தது. கோணல் மாணலான எழுத்து. நான் படிக்கவில்லை. இவ்வளவு அழகான காரில் இது என்ன அசிங்கம் என்று நினைத்து, மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தனத்தை அப்பினேன்.

அது 'டீசல்' என்று ராசப்பன் அண்ணன் ஆங்கிலத்தில் எழுதி வைத்தது. என்னைப் போன்ற ஆள்களுக்காகவே எழுதி வைத்தது.

மறுநாள் மதியம் கார் வந்தது. அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் ரோட்டிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வந்த வேகத்தில் பம்படிக்கு உருண்டு வருவார்கள். சொட்டு எண்ணெய் மிச்சமாம். அதனால் சத்தமும் இல்லை. அண்ணன் இறங்கி, பக்கக் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டே, "நெறைய ஊத்து தம்பி. அண்ணிக்கு ஊரெல்லாம் சுத்திக் காட்டணும்," என்றார். பத்து வருஷமாகச் சொல்லிப் பழகிய "நெறைய ஊத்து". டீசல் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. காசிம் பாய் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூடியைத் திறந்தேன். நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நன்றாக வைத்திருக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. பெட்ரோல் குழாயைச் செருகினேன்.

எனக்கு அன்றைக்கு வேலை பன்னிரண்டரை மணியோடு முடிந்தது. "பெட்டி தூக்க ஒரு ஆள் வேணும், நீயும் வா," என்றார் அண்ணன். ஏறிக்கொண்டேன்.

பாலம் வரைக்கும்

ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷம் கழித்தும் அதற்கு ஒரு நேரான பதில்தான் இருக்கிறது. பயம்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு லாரிக்கு எண்ணெய் மாற்றி ஊற்றிய ஆளைத் தவுக்கே அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். நான் படுத்தது ஸ்டேஷனுக்குப் பின்னால் சாமான் அறையில், ஒரு கேன்வாஸ் கட்டிலில். வேலை போனால் கட்டிலும் போகும். காரைத் திருப்பினால் தவுக்கே கண் முன்னால்தான் டாங்கியை வடிக்க வேண்டும்.

ஆகவே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாங்கி அடியில் கொஞ்சம் டீசல் இருக்கும். இரண்டும் கலந்து எப்படியாவது துறைமுகம் வரை ஓடிவிடும். அண்ணி இறங்கிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வயதில் மனசு எவ்வளவு வேகமாகப் பொய் பின்னும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செலிகி ரோடு தாண்டும்வரை கார் ஒழுங்காக ஓடியது. பிராஸ் பாசா ரோட்டில் சத்தம் மாறியது. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல ஒரு சத்தம். "என்னா பாய், கல்லு கில்லு மாட்டிக்கிச்சா?" என்றார் அண்ணன். பாய் கியரை மாற்றிப் பார்த்தார். ஹில் ஸ்திரீட்டில் காருக்கு இழுப்பே இல்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. எல்ஜின் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றேபோனது.

அண்ணன் இறங்கி முன் மூடியைத் திறந்தார். அவருக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தும் திறந்து பார்த்தார். பாய் குமிழை இழுப்பதும் ஸ்டார்ட் பண்ணுவதுமாக இருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. பேட்டரி இளைத்துப் போய் முனகியது.

"மணி ஒண்ணே கால்," என்றார் அண்ணன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கடிதம் அங்கேதான் இருந்தது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இறங்கிப் போய், "அண்ணே, நான் பெட்ரோல் ஊத்திட்டேண்ணே," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை அதற்குமுன் பார்த்திராதவர் மாதிரி ஒரு தடவை பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"கார்ல வருவேன்னு எழுதிட்டேனே பாய்," என்றார்.

காசிம் பாய் காரைவிட்டு இறங்கினார். "தங்கச்சி மொகத்தத்தானய்யா கேட்டிருக்கு? காரையா கேட்டிருக்கு? நீ ஓடு. வண்டிய நான் கொண்டாறேன்," என்றார்.

அண்ணன் அப்போதும் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போ லா!"

பாய் கத்தி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அந்தப் பக்கமாக ஒரு சீனக் கிழவர் ஆளேற்றும் மூன்று சக்கர டிரைஷாவைக் காலியாக மிதித்துக்கொண்டு வந்தார். பாய் அவரைக் கைகாட்டி நிறுத்தி, சீனத்தில் ஏதோ சொல்லி, அண்ணனைப் பிடித்து ஏற்றிவிட்டார். டிரைஷா பாலம் ஏறி இறங்கி மறைகிற வரைக்கும் அந்த எண்ணெய் வைத்த தலை எங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

ஆற்றங்கரையில்

காரை இரண்டு பேருமாகத் தள்ளி ஆற்றோரத்துக்குக் கொண்டுபோனோம். அன்றைய சிங்கப்பூர் ஆற்றின் வாசனையை முகர்ந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கருவாடு, ரப்பர், சேறு, அழுகின காய்கறி, எல்லாம் ஒன்றாகக் கலந்த நாற்றம். அதோடு என் பெட்ரோலும் சேர்ந்தது.

பக்கத்துக் கோப்பிக் கடையிலிருந்து நாலு தகர டின் வாங்கிவந்தேன். பாய் அங்கே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை மலாயில் அதட்டித் தூரமாகப் போகச் சொன்னார். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து டாங்கி அடியில் இருந்த திருகைத் திருப்பினேன். பெட்ரோல் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. அந்தக் குளிர்ச்சியும், அதற்குப் பின்னால் வந்த எரிச்சலும் இன்னும் நினைவிருக்கிறது.

நான் வெளியே வந்தபோது பாய் எண்ணெய் மூடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கைக்குட்டை.

"தம்பி, பூசை நேத்தோட முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு பாய்."

"அப்ப இதத் தொடைக்கலாமா? சாமி குத்தம் ஒண்ணும் ஆயிடாதே?"

தலையாட்டினேன். அவர் கைக்குட்டையை எச்சில் தொடாமல், குழாய்த் தண்ணீரில் நனைத்து வந்து துடைத்தார். சிவப்பு எழுத்து தெரிந்தது. "காலையிலயே பாத்தேன், எழுத்து மறைஞ்சிருக்கேன்னு. ராசப்பன் பக்தியா வச்சிருக்கான், நாம கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்," என்றார்.

வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. பூஜையன்று பக்கத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டவர்தான்.

"எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு, மாத்தி ஊத்திட்டேன்னு?" என்று மூடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இப்பத்தான் பாய். வண்டி நின்னப்பறம்தான்."

அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

டீசலுக்கு எங்கே போவது என்று நான் திகைத்து நின்றபோது, பாய் படிக்கட்டில் இறங்கி ஆற்றுக்குப் போனார். சரக்கு ஏற்றிய தொங்கான் படகுகள் கரையை ஒட்டி நெருக்கியடித்து நின்றன. இன்ஜின் வைத்த தொங்கான்களுக்கும் டீசல்தானே? கிட்டங்கி நாளில் பழகிய ஒரு சீனப் படகுக்காரரைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு டின் டீசலோடு திரும்பினார். படியில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

ஊற்றினால் மட்டும் போதாது. குழாய்க்குள் இருக்கிற காற்று போக வேண்டும். இன்ஜின் பக்கத்தில் ஒரு திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். முதலில் நுரை வந்தது. பிறகு குமிழி. பிறகு குமிழி இல்லாமல் சுத்தமான எண்ணெய். திருகை இறுக்கினேன். நாலு ஆள் பிடித்துத் தள்ளி, வெள்ளைப் புகையாக ஒரு மேகத்தைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தபோது மணி மூன்றை நெருங்கிவிட்டது.

துறைமுகத்தில்

தஞ்சோங் பகார் வாசலை நெருங்கியபோது பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் வரவில்லை. அண்ணன் தனியாக நிற்கிறார் என்ற காட்சிதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

கப்பலிலிருந்து இறங்கின கூட்டம் அநேகமாகக் கலைந்திருந்தது. கிட்டங்கிச் சுவர் நிழலில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் ஒரு அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிறுமி. கீழே தரையில், கால்களை நீட்டிக்கொண்டு, கொப்புளம் வெடித்த பாதத்தோடு ராசப்பன் அண்ணன். புதுச் செருப்பு அவருக்குப் பக்கத்தில் கிடந்தது. கிழவரின் டிரைஷா மெதுவாகப் போகிறதென்று பாதி வழியில் இறங்கி ஓடியே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை பிழிந்து உதறினதுபோல இருந்தது.

நான் உடனே காரைவிட்டு இறங்கவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், கண்ணில் பெட்ரோல் பட்டதென்று சொல்லிக்கொண்டேன்.

பாய் போய் அண்ணிக்கு முன்னால் நின்றார். "தங்கச்சி, மன்னிச்சுக்கணும். தப்பு என்னோடது. டீசல்னு நான் சொல்லியிருக்கணும்," என்றார்.

அண்ணி எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "பரவால்லைண்ணே," என்றார். மல்லிகா பெட்டி தூக்க வந்த என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தப்பு என்னுடையது என்று சொல்ல, ஆற்றங்கரைக்கு அடுத்து அது இரண்டாவது சந்தர்ப்பம். அதையும் விட்டேன். பாய் தவுக்கேயிடமும் சொல்லவில்லை. என் கட்டில் தப்பித்தது.

மறுபடியும் சந்தனக் கிண்ணம்

அதற்குப் பிறகு பத்து வருஷம் ஓடியிருக்கும். அறுபதுகளின் கடைசி. நான் ஜூரோங்கில் ஒரு பட்டறைக்கு மெக்கானிக்காகப் போய்விட்டேன். ராசப்பன் அண்ணன் குடும்பம் தோ பாயோவில் புது அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தது. கார் மட்டும் அதேதான். பங்காளிகளும் அதே இரண்டு பேர்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். அண்ணனும் பாயும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "கீழ போயி வண்டிக்கு நீங்களே வச்சிருங்க தம்பி. ஒங்க கை பெரிய கையாச்சே," என்றார்.

கிண்ணத்தை வாங்க முடியவில்லை என்னால். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுத்தின்மேல் அப்பியது நான். அதுகூடத் தெரியாமல் நடந்தது. ஆனால் சிராங்கூன் ரோட்டில் கார் இறங்கின உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பாலம் வரை உட்கார்ந்து வந்தேன், அது மட்டும் தெரிந்தே செய்தது என்று சொன்னேன்.

அண்ணன் பொரி தின்பதை நிறுத்தினார்.

காசிம் பாய்தான் முதலில் பேசினார். "தெரியும்பா. செலிகி ரோட்டுலயே ஒன் மொகத்தக் கண்ணாடியில பாத்தேன். பையனுக்கு வயித்து வலியோன்னு நெனச்சேன். வண்டி நின்னப்பறம் புரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் பாய் கேக்கல?"

"கேட்டேனே. நீ இப்பத்தான்னு சொன்னே. சரி, சொல்றப்ப சொல்லுவான்னு விட்டுட்டேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் சந்தனக் கல்லில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. யோசனை இருந்தது.

"கப்பல் மேலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி," என்றார். "கீழ வரிசையா காருங்க. வெள்ளச் சட்ட போட்டவங்க காருல சாஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. இவரும் அதுல ஒருத்தராத்தான் நிப்பாருன்னு தேடினேன். அப்படி நின்னிருந்தாருன்னா நான் எறங்கியிருக்க மாட்டேன்."

"ஏம்மா அப்படி?" என்றார் அண்ணன், திடுக்கிட்டு. பத்து வருஷத்தில் இதை அவரும் கேட்டதில்லை போலும்.

"காரு வாங்க முடிஞ்ச மனுசனுக்கு ஆறு வருசமா எங்கள வந்து கூட்டிட்டுப் போக முடியலையாக்கும்னு தோணியிருக்கும். பெட்டியக்கூட அவுக்காம வச்சிருந்தேன், திரும்பிப் போகத் தோதா." அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். "அப்பத்தான் வாசல் பக்கமிருந்து ஒருத்தர் செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு, தல கலைஞ்சு, நொண்டி நொண்டி. கப்பல்ல உள்ள ஒவ்வொரு மொகமா அண்ணாந்து பாத்துக்கிட்டே ஓடுறாரு. அந்தா, அதான்டி ஒங்கப்பான்னு மல்லிகாகிட்டச் சொல்லிட்டு எறங்கிட்டேன்."

ராசப்பன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பாய் அவர் தோளில் கையை வைத்தார்.

அண்ணி கிண்ணத்தை மறுபடியும் என் கையில் திணித்தார். "போங்க, நேரமாவுது. எண்ணெ மூடி மேலயும் வைங்க. நல்லாப் பெருசா வைங்க."

கீழே போய் வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கே வைத்தேன். சிவப்பு எழுத்து முழுசாக மறைந்தது. எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்த காசிம் பாய், கைக்குட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு நான் தொடைச்சுக்கலாம்ல தம்பி?"